மீதி

மூய் ரிவரில் ஜூலை.
தண்ணீர்த் தொட்டியின் பனியோட்டை
ம்போன்கெனி சுத்தியல் பிடியால் உடைக்கிறான்.
ஆறரை மணிக்கு முதல் குட்டி,
எண் பதினேழு, பத்து மாதம்,
செம்பழுப்பு, பெண்.
சிமெண்டுத் தளத்தில் நான்கு கால்களும்
சதுரமாக நிற்க வேண்டும்.
அவளுக்குச் சதுரத்தில் நம்பிக்கை இல்லை.

தோள்மேடு நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
முன்னங்கால் எலும்பின் சுற்றளவு பதினெட்டு.
அப்புறம் நாடா அளக்காதவை:
கழுத்து முதுகில் இறங்கும் விதம்,
குளம்புக்கு மேலே அந்தச் சாய்வு, நடை.
ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண்.
ஐந்து என்றால் நடு, நல்லது என்று அர்த்தமில்லை.
வருஷாவருஷம் இதைச் சொல்கிறேன்.

இடது முன்னங்கால்
கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கிறது,
கதவோரம் நின்று ஒட்டுக்கேட்கிறவள் கால் மாதிரி.
நான் நாலு போட்டேன்.
ம்போன்கெனி தன் தாளில் ஆறு போட்டான்.
இருவரும் ஒரே காலைத்தான் பார்த்தோம்.

பண்ணைக்காரி திருமதி ஹாட்டிங்
கோட்டுப் பையில் கைவிட்டபடி வருகிறாள்.
"இந்தக் கோணல் தகப்பன் கொடுத்ததா?
ஒரே சொல்லில் சொல்."
தகப்பன் அயர்லாந்திலிருந்து விமானத்தில் வந்தவன்.
அவன் விலைக்கு இந்த ஊரில் ஒரு தெருவே கிடைக்கும்.

ஒரே சொல் இல்லை, மேடம்.
உயரம், இந்தப் பண்ணைக் கணக்கில்,
பாதிக்குக் கிட்ட வம்சத்தோடு வருகிறது.
கால் திரும்பும் கோணம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.
அதுவும் இவளுடைய பங்கு அல்ல.
நானூறு குட்டிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதில்
ஒரு பங்கு.
ஒரு குட்டியை நிறுத்திவைத்து
இதில் எவ்வளவு அப்பன் என்று கேட்பது
ரசத்தில் எவ்வளவு அடுப்பு என்று கேட்பது.
அவளிடம் சூப் என்று சொன்னேன்.

மற்றதெல்லாம் மீதி.
செப்டம்பர் மழை தவறியது,
தாய்க்குப் பால் வற்றியது,
லாடக்காரன் இரண்டு வாரம் பிந்தியது,
வடக்கு மேய்ச்சல் நிலத்தின் சரிவு,
என் நாலுக்கும் அவன் ஆறுக்கும் நடுவே
குளிரில் நிற்கிற அந்த ரெண்டு,
எல்லாம் ஒரே கட்டத்தில் போய் விழும்.
சமன்பாட்டில் அதற்கு ஓர் எழுத்துதான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

டர்பன் காப்பகத்தில் ஒரு கப்பல் பதிவேடு பார்த்தேன்.
இதே மாதிரிக் கட்டங்கள்.
எண். பெயர். தகப்பன் பெயர் சடையன்.
உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.
அடையாளம்: இடது கெண்டைக்காலில் தழும்பு.
நானும் ஐந்தடி இரண்டு.
தழும்பு வரவில்லை, வராது.
ஆனால் பெயர்க் கட்டத்தில் நல்லமுத்துவை
குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி
நுல்லமூத் என்று எழுதியிருக்கிறான்.
என் ஓட்டுநர் உரிமத்தில் நுல்லமூத்.
என் மகன் பள்ளிச் சட்டையின் கழுத்துப்பட்டையில்
நுல்லமூத்.
ஐந்து தலைமுறையாகக் கலப்பே இல்லாமல் இறங்கி வருகிறது
யாரோ ஒருவனின் மந்தச் செவி.
இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

மதியம் வெயில் வந்தபின்
பதினேழை மறுபடி நிறுத்தினோம்.
காலைத் தாளை மறைத்துவிட்டோம்.
நான் ஆறு போட்டேன்.
ம்போன்கெனி நாலு.
தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

கடைசியாக அவள் பாஸ்போர்ட்.
படத்தில் சுழிகளைக் குறிக்க வேண்டும்.
நெற்றியில் ஒன்று, கண்மட்டத்துக்கு மேலே,
சற்றே இடப்பக்கம்.
சுழி சரியில்லை என்பார்கள் எங்கள் வீட்டில்,
என்னைப் பற்றித்தான், குதிரையைப் பற்றி அல்ல.
இங்கே அதற்கு மதிப்பெண் கிடையாது,
ஒரு பெருக்கல் குறி போதும்.
போட்டேன்.
அவள் பென்சிலை முகர்ந்தாள்,
கடித்தாள், துப்பினாள்.
இடது காலை இன்னும் கொஞ்சம் வெளியே வைத்துக்கொண்டாள்.

பதினெட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.